முதுகில் போடும் ஊசி

இன்னைக்கு ஒரு பழைய ஊசியோட கதை.

1891. ஜெர்மனியின் கீல் நகரம். ஹைன்ரிஷ் குவின்கே என்ற மருத்துவர், மூளையில் நீர் தேங்கிய குழந்தைகளின் கீழ்முதுகில் ஊசியைச் செலுத்தி அந்த நீரை இறக்கினார். நோக்கம் பரிசோதனை இல்லீங்க; தலைக்குள்ள இருக்கிற அழுத்தத்தைக் குறைக்கிறதுதான். பின்னாடிதான் அது பரிசோதனை ஊசின்னு பேர் வாங்குச்சு.

1980-களில் எய்ட்ஸ் வந்தது. எதிர்ப்புச் சக்தி இழந்தவர்களின் மூளையுறையை கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை தாக்கியது. அதன் மேலுறைப் பசை, நீர் வடியும் வழியை அடைச்சிடும். அழுத்தம் 25 செ.மீ.யைத் தாண்டினால் கடும் தலைவலி, பார்வை இழப்பு, மரணம்கூட வரலாம்.

மாத்திரையால குறைக்க முடியாதா? முயன்று பார்த்தாங்க. தாய்லாந்தில் அசெட்டசோலமைடு ஆய்வு பக்கவிளைவுகளால் பாதியில் நின்றது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் ஆறில் நடந்த டெக்ஸாமெத்தசோன் ஆய்வும் நின்றது. மருந்து பெற்றவர்களுக்கு ஊனம்தான் கூடியது.

ஜெயிச்சது குவின்கேயின் ஊசி. 2014-ல் வெளியான ஆய்வில் ஆப்பிரிக்க நோயாளிகள் 248 பேர். நோயைக் கண்டறிந்த பிறகு, நீரை இறக்க மறுபடி ஊசி போட்டவர்களில் 11 நாளுக்குள் இறந்தவர்கள் 7%, போடாதவர்களில் 18%.

ஆனாலும் பல குடும்பங்கள் மறுக்கிறாங்க. ஊசி போட்ட பிறகு இறந்தவர்களைப் பார்த்த பயம். கொன்றது ஊசி இல்லை, இறக்காம விட்ட நீர்தான். அதைப் பொறுமையா எடுத்துச் சொல்றதும் சிகிச்சைதான்.