ஒப்பந்தத்தில் விடுபட்ட சொல்

மேற்கு ஆபிரிக்காவில் இன்று கானா எனப்படும் நாட்டின் கரையோரத்தில் எல்மினா என்றொரு கோட்டை உண்டு. 1482இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1637 ஆகஸ்டில் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். உள்ளூர்ப் படையினரும் அவர்களுக்குத் துணை நின்றனர். அதன்பின் ஒன்பது மாதங்கூட ஆகவில்லை. 1638 மே 18இல் நமது புளியந்தீவுக் கோட்டையும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. இங்கும் துணைநின்றது சுதேசப் படைதான்.

1602இல் ஒல்லாந்துத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கியே கண்டிக்குப் போனார். இந்தக் கடல்வழியை அடைக்கவே 1628இல் போர்த்துக்கேயர் வாவிக்குள் கோட்டை எழுப்பினர். கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கன் பத்தாவியாவிலிருந்த ஒல்லாந்தரை அழைத்தான். வெஸ்டர்வோல்டின் கப்பற்படையும் அரசனின் தரைப்படையும் சேர்ந்து கோட்டையை வீழ்த்தின.

ஐந்து நாள் கழித்து, மே 23இல், மட்டக்களப்பிலேயே ஒப்பந்தம் எழுதப்பட்டது. மீட்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைக்கலாம் என்பது அதில் ஒரு விதி. அரசனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் 'அரசர் விரும்பினால்' என்ற தொடர் இருந்தது. ஒல்லாந்த மொழிப் பிரதியில் அது இல்லை! வினையெச்சம் படிப்பதால் என்ன பயன் என்று கேட்கும் மாணவருக்கு நான் இதைத்தான் சொல்வதுண்டு.

1640இல் காலியும் நீர்கொழும்பும் விழுந்தன. போர்ச்செலவைத் தீர்க்கவில்லை என்று சொல்லி ஒல்லாந்தர் அவற்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் பழமொழியாகச் சொல்வது இதனைத்தான். அரசனை ஏமாளி என்று நான் எண்ணவில்லை. கடற்படை இல்லாதவன், ஒரு கடல் வல்லரசை இன்னொன்றால் விரட்ட முயன்றான். வேறு வழி ஏது?

என்னை உறுத்துவது வேறொன்று. ஒப்பந்தம் எழுதப்பட்டது நம் மண்ணில். ஆனால் அது அரசனுக்கும் கும்பனிக்கும் இடையிலானது. வாவிக்கரை மக்கள் அதில் ஒரு தரப்பே அல்லர். 1668இல் கும்பனி திரும்பவும் இங்கு வந்து அமர்ந்தது. 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். கோட்டைக்குள் பின்னர் கச்சேரி நடந்தது.

எல்மினா மக்களோ தம் மறுப்பைச் சொல்லியே பார்த்தனர். 1872இல் ஒல்லாந்தர் அக்கோட்டையை ஆங்கிலேயருக்குக் கைமாற்றியபோது அவர்கள் எதிர்த்தார்கள். மறு ஆண்டே ஆங்கிலேயப் பீரங்கிகள் அவர்களது ஊரைத் தகர்த்தன. கானா சுதந்திரம் பெற்றது 1957 மார்ச் 6இல், நமக்கு ஒன்பதாண்டுகள் பின்னர்.