வாந்திபேதியும் அரசும்: பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் கொள்ளைநோய்க் கொள்கை

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவில் பேரளவில் உயிர்களைக் கவர்ந்த கொள்ளைநோய்களுள் வாந்திபேதி எனப்படும் காலராவும் ஒன்று. நோய்க்காரணம் தெளிவுறாத காலத்தில் ஆங்கில அரசு இயன்றதைச் செய்தது என்பது ஒரு கருத்து. வணிக நலன் கருதி, அறிந்த உண்மையையே அது மறுத்தது என்பது மற்றொரு கருத்து. டேவிட் அர்னால்டு, மார்க் ஹாரிசன், ஷெல்டன் வாட்ஸ் முதலியோர் இச்சிக்கலை வெவ்வேறு நிலைகளில் நின்று ஆராய்ந்துள்ளனர். அரசு எக்கருத்தை ஏற்றது, எதனை விலக்கியது, அதனால் யாருக்குப் பயன் விளைந்தது என்பவற்றைக் கால வரிசையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

படையே முதற் கவலை

1817ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வங்காளத்தின் ஜெசூரில் வாந்திபேதி கடுமையாகப் பரவியது. அதே ஆண்டு நவம்பரில் புந்தேல்கண்டில் முகாமிட்டிருந்த ஹேஸ்டிங்ஸ் பிரபுவின் படையை அது தாக்கியது. சில நாள்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். முகாம் பேத்வா ஆற்றங்கரைக்கு மாற்றப்பட்டபின் நோய் தணிந்தது. இடம் பெயர்ந்தால் நோய் நீங்கும் என்னும் படிப்பினை இராணுவத்தில் நெடுங்காலம் நிலைத்தது. பிற்காலத்திலும் பருவக்காற்றின் திசைக்குக் குறுக்காகப் படைகளை நடத்திச் சென்று தனி முகாம்களில் தங்கவைப்பது வழக்கமாக இருந்தது. படைவீரருக்கு இவ்வழி இருந்தது; ஊரை விட்டுச் செல்ல இயலாத குடிமக்களுக்கு இணையான ஏற்பாடு எதுவும் இல்லை.

1859இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் படையின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1863இல் அறிக்கை அளித்தது. அதன் விளைவாக 1864இல் வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதாரக் குழுக்கள் தோன்றின. இந்தியப் பொதுச் சுகாதாரத் துறையின் தொடக்கம் படை நலனை ஒட்டியே அமைந்தது என்பது இதனால் பெறப்படும்.

ஹரித்துவாரும் கான்ஸ்டான்டிநோபிளும்

1865இல் மெக்கா யாத்திரையின்போது பரவிய காலரா ஐரோப்பாவையும் எட்டியது. 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு, கங்கைக் கழிமுகமே இந்நோயின் பிறப்பிடம் என்றும், மனிதப் போக்குவரவே அதனைச் சுமந்து செல்கிறது என்றும் முடிவு கூறியது. மறு ஆண்டே ஹரித்துவாரக் கும்பமேளாவில் ஏறத்தாழ முப்பது இலட்சம் மக்கள் திரண்டனர். கழிவகற்றலுக்கு அரசு முன்னேற்பாடுகள் செய்திருந்தது. ஆயினும் ஏப்ரல் 11ஆம் நாள் இரவு பெருமழை பெய்தது. மறுநாள் ஒடுங்கிய படித்துறையில் நீராடிய மக்கள் அந்நீரையே பருகினர். அடுத்த நாளே நோய் தலைகாட்டியது. ஊர் திரும்பியவர்களின் வழியே அது வட இந்தியா முழுவதும் பரவிற்று. மாநாட்டின் முடிவுக்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

கொள்கைத் திருப்பம்

இச்சான்று கிடைத்த சில ஆண்டுகளிலேயே அரசின் நிலைப்பாடு மாறியது. 1869இல் வெளிவந்த ஜேம்ஸ் பிரைடனின் அறிக்கை, காலரா பருவக்காற்றுடன் நகர்கிறது என வாதிட்டது. 1868 முதல் 1884 வரை இந்திய அரசின் சுகாதார ஆணையராக விளங்கிய ஜே. எம். கன்னிங்ஹாம் 1870களில் தொற்றுக் கொள்கையையே மறுக்கலானார். பஞ்சாபின் சுகாதார ஆணையர் டி ரென்சி குடிநீரே நோய்க்கு வாயில் எனத் தொடர்ந்து வலியுறுத்தினார். அவர் பின்னர் அஸ்ஸாமுக்கு மாற்றப்பட்டார்.

இத்திருப்பத்தின் காலம் கருதத்தக்கது. 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. நோய் மனிதரால் பரவுகிறது என ஒப்புக்கொண்டால், இந்தியாவிலிருந்து செல்லும் கப்பல்களை ஐரோப்பிய நாடுகள் தடுத்து நிறுத்த இடமுண்டாகும். வாட்ஸ் இதனையே தலையாய காரணமாகக் கொள்கிறார். காற்று, நிலம், தட்பவெப்பம் ஆகியவற்றை நோய்க்காரணமாகக் கொள்ளும் மரபு இந்திய ஆங்கில மருத்துவரிடையே முன்பே வேரூன்றியிருந்தது என்பதும் மறுக்க இயலாதது. எனவே வணிகம் புதிய கொள்கையைப் படைத்தது என்பதைவிட, ஏற்கெனவே இருந்த இரு கொள்கைகளுள் தனக்கு ஏற்றதை அரசு தேர்ந்துகொண்டது எனல் பொருந்தும்.

குடிநீர் தந்த சான்று

அரசு மறுத்ததை அதன் பொறியியல் பணியே மெய்ப்பித்தது. 1870 அளவில் பால்டாவிலிருந்து வடிகட்டிய நீர் கல்கத்தாவுக்கு வரத் தொடங்கியது. அங்குக் காலரா இறப்பு குறைந்தது. சென்னைக்குச் செங்குன்றம் ஏரிநீர் 1872இல் வந்தது. எனினும் வடிகட்டிய நீர் கிடைக்க 1914 வரை காத்திருக்க நேர்ந்தது. சிற்றூர்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877ஆம் ஆண்டில் மட்டும் சென்னை மாகாணத்தில் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் காலராவால் மாண்டனர். பசியால் நலிந்து, வற்றிய குளங்களின் நீரைப் பருகியோரே இதற்குப் பெரிதும் இரையாயினர்.

1884இல் இராபர்ட் காக் கல்கத்தாவில் நோய்க்கிருமியை இனங்கண்டு, மக்கள் பயன்படுத்திய குளத்து நீரிலும் அதனைக் காட்டினார். இதனை ஆராய அனுப்பப்பெற்ற ஆங்கிலக் குழு அவர் முடிபை ஏற்கவில்லை. ஆனால் 1892இல் ஹரித்துவாரில் மகாவாருணி விழாவுக்குக் கூடியோரை நோயச்சத்தால் அரசே கலைத்தது. இது மக்களிடையே கடும் எதிர்ப்பைத் தோற்றுவித்தது. 1893இல் இந்தியா வந்த ஹாஃப்கின் தடுப்பூசியைச் சோதித்தபோது அரசு அதனைக் கட்டாயமாக்கவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. கப்பல் செல்லும் வழியில் தொற்று இல்லை என்று வாதிட்ட அரசு, யாத்திரிகர் செல்லும் வழியில் தொற்று உண்டு என்பதுபோல் நடந்துகொண்டது. மக்களைக் கலைப்பதற்கு ஆகும் செலவு சிறிது. தூய நீர் தருவதற்கு ஆகும் செலவு பெரிது. அறியாமை ஓரளவே காரணம். அறிவு கிடைத்தபின்னும் அதன் பயன் பெருநகரங்களுக்கும் படைமுகாம்களுக்கும் முதலில் சென்றது. சிற்றூர்கள் பல தலைமுறைகள் காத்திருந்தன. ஆகவே காலராவின் வரலாற்றை மருத்துவக் கொள்கைகளின் வரலாறாக மட்டும் எழுதாமல், குடிநீர்ப் பங்கீட்டின் வரலாறாகவும் எழுதுதல் வேண்டும்.