அரிப்புக் கல்

ஈச்சிலம்பற்றில் வாப்பாவுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். பிள்ளைகளுக்கு அவர் 'தயிர் மாமா'. மூதூரில் எங்கட வீட்டுக்கு வந்தபோது ஒருநாள் தயிர்ச் சட்டியோடு கறுப்புக் கல்லொன்றும் கொண்டுவந்தார். சின்னக் கல், ஆனால் நல்ல பாரம். பழைய வானொலியில் கழற்றிய காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனதும் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது. "அரிப்புப் பக்கம் பொறுக்கினது தம்பி. இரும்புக் கல்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். ஈச்சிலம்பற்றுக்கு அயலிலுள்ள சேருவில, அரிப்புப் பகுதியில் இரும்பும் செம்பும் சேர்ந்த தாதுப் படிவு இருப்பதைப் புவிச்சரிதவியல் திணைக்களம் 1971 இல் கண்டறிந்தது.

சாதாரண பாறையிலும் செம்பு உண்டு. ஒரு தொன்னுக்கு 50, 60 கிராம்தான். அது கிலோக்கணக்கில் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் தாது. சேர்ப்பது பெரும்பாலும் சுடுநீர். நிலத்தின் ஆழத்தில் உப்பும் கந்தகமும் கலந்த கொதிநீர் உலோகத்தைக் கரைத்து, வெடிப்புகள் வழியே ஏறி, ஆறும்போது அதைப் படியவிடுகிறது. வெடிப்பு வழியே சுடுநீர் ஏறுவதைக் கன்னியாவில் இன்றும் தொட்டுப் பார்க்கலாம்.

சேருவில இருப்பது ஒரு பொருத்துவாயில். இலங்கையின் உயர்நிலப் பாறைத்தொகுதியும் கிழக்கின் விஜயன் பாறைத்தொகுதியும் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன் மோதி ஒட்டிய எல்லை அது.

நம் முன்னோர்களும் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் நூல்கள், கந்தகமும் இரசமும் மண்ணுக்குள் கூடியே உலோகங்கள் உருவாகின்றன என்றன. இப்னு ஸீனாவும் (980–1037) அதை ஏற்றார்; ஆனால் ஈயத்தை மனிதன் பொன்னாக்கலாம் என்பதை மறுத்தார். இரசத்தின் கதை பிழைத்தது. கந்தகம் பிழைக்கவில்லை: அரிப்பின் செம்புத் தாதுவில் செம்போடும் இரும்போடும் இருப்பது கந்தகமே.

எங்கட பகுதியில் வரலாறு எழுத உட்கார்ந்தால், முதலில் வந்தவர் யார் என்பதிலேயே பேனா நிற்கிறது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மூவரிடமும் ஒவ்வொரு ஏடு உண்டு. 2006 இல் மூதூரும் இடம்பெயர்ந்தது, ஈச்சிலம்பற்றும் இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது வீட்டில் அந்தக் கல் இல்லை. தயிர் மாமாவையும் பிறகு காணவில்லை.

அந்தக் கல்லின் வயதுக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் நேற்று வந்தவர்கள். தோண்டியெடுத்த தாது நம் காலத்தில் மறுபடி விளையாது. ஆகவே அதைத் தோண்டும் பேச்சு வரும் நாளில், எவருடைய காணி என்ற வழக்கோடு நிற்காமல், எடுத்தால் கிணற்று நீருக்கும் வயலுக்கும் என்னவாகும் என்று மூன்று ஊராரும் ஒன்றாக இருந்து கேட்க வேண்டும். அதற்கான வரலாற்றையும் நாம் எழுதத் தொடங்கலாம்.