'ஷல்', 'வில்': ஆங்கில எதிர்காலத் துணைவினைகளின் வரலாறு

தமிழில் 'செய்வேன்', 'வருவாள்' என வினைச்சொல்லுக்குள்ளேயே எதிர்கால இடைநிலை அமைந்திருக்கும். ஆங்கில வினைகளுக்கு இத்தகைய உருபு இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் நிகழ்கால வடிவமே எதிர்காலத்தையும் குறித்தது. எந்தக் காலம் என்பதைச் சூழலே உணர்த்தியது.

இன்று எதிர்காலம் காட்டும் 'ஷல்', 'வில்' என்னும் துணைவினைகள் அன்று தனிப்பொருள் கொண்டிருந்தன. 'ஷல்' என்பதன் மூலமான 'ஸ்குலன்' கடன்பட்டிருத்தலைக் குறித்தது. அதன் உறவுச் சொல்லான 'ஷுல்ட்' ஜெர்மன் மொழியில் இன்றும் கடன், குற்றம் என்று பொருள்படும். 'வில்' என்பதன் மூலம் 'வில்லன்'. பொருள், விரும்புதல் (திரைப்பட வில்லனுக்கும் இதற்கும் தொடர்பில்லை). செய்யக் கடமைப்பட்டவனும் செய்ய விரும்புபவனும் பின்னால் செய்யப்போகிறவர்கள் என்பதால், கடமையும் விருப்பமும் மெல்லத் தேய்ந்து காலப்பொருள் மிஞ்சியது.

இலத்தீன் வினைக்கு எதிர்கால வடிவம் உண்டு. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விக்ளிஃப் பெயரால் வழங்கும் விவிலிய மொழிபெயர்ப்பில் அவ்வடிவத்துக்கு ஈடாக 'ஷல்' சீராக ஆளப்பட்டது.

பள்ளிகளில் பின்னர் மனப்பாடமான விதி, ஜான் வாலிஸ் 1653இல் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கண நூலில் தெளிவாகக் காணப்படுகிறது. முடிவிலிக்கு இன்று வழங்கும் குறியீட்டை அறிமுகப்படுத்திய கணித அறிஞர் இவரே. தன்மையில் 'ஷல்' வெறும் எதிர்காலம், 'வில்' வாக்குறுதி அல்லது மிரட்டல். முன்னிலையிலும் படர்க்கையிலும் இதன் தலைகீழ் என்றார் அவர். ஆங்கிலம் கற்கும் அயல்நாட்டாருக்காகச் சொன்னது, 18ஆம் நூற்றாண்டு இலக்கண நூல்கள் வழியாக ஆங்கிலேயருக்கே கட்டளையாயிற்று.

ஸ்காட்லாந்து, அயர்லாந்து மக்கள் தன்மையிலும் 'வில்' என்றே பேசினர். விதி அவர்களைப் பிழையாகப் பேசுவோர் ஆக்கியது. நீரில் மூழ்கும் ஒருவர் இரு சொற்களையும் மாற்றிக் கூவ, 'மூழ்கியே தீருவேன், எவரும் காப்பாற்றக் கூடாது' என்று பொருள்கொண்டு கரையில் நின்றோர் விட்டுவிட்டார்களாம். இலக்கண நூல்களில் சுற்றிவந்த இக்கதை வேடிக்கையாகத் தோன்றினாலும், அதில் ஏளனமே மிகுதி. 1906இல் ஃபௌலர் சகோதரர்கள், இவ்வேறுபாடு தென் இங்கிலாந்தினருக்கு இயல்பாக வரும், மற்றவர்கள் கற்பது அரிது என்றே எழுதினர். பிறப்பால்தான் வரும் என்றால் அதை இலக்கண விதி என்பது பொருந்துமா?

1925இல் அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபிரைஸ் பல நூற்றாண்டு ஆங்கில நாடகங்களின் உரையாடல்களை ஆராய்ந்தார். அவற்றின் வழக்கு இவ்விதிக்கு இணங்கவில்லை. தன்மையிலும் 'வில்' மிகுந்திருந்தது.

'போதல்' என்னும் வினையிலிருந்து பிறந்த 'கோயிங் டு' இதற்கிடையே அமைதியாக வளர்ந்தது. வாலிஸுக்கு முன்பே, 1646இல், ஜோசுவா பூல் தம் இலக்கண நூலில் அதைக் குறித்துள்ளார். 'செய்யப்போகிறேன்' என்னும் தமிழ் வழக்கும் இதே வழியில் அமைந்தது.

இன்றைய பேச்சில் 'ஷல்' அருகிவிட்டது. யோசனை கேட்கும் வினாக்களில் எஞ்சியுள்ளது. சட்ட நடையில் மட்டும் அது வலுவாக நிற்கிறது. இந்திய அரசியலமைப்பின் ஆங்கில மூலத்தில் முதல் உறுப்பிலிருந்தே இச்சொல்லைக் காணலாம். சட்டம் கட்டாயமாக்கும் செயல்களை அது குறிக்கும்போது, 'கடமைப்பட்டிருத்தல்' என்னும் பழம்பொருள் இன்றும் வழங்குகிறது.