கண்ணாடிக் கெண்டியும் தோற்றுப்போன ஒரு பாடமும்

சித்தூரிலும் திருப்பதியிலும் தேநீர் என்றால் பாலோடு கொதிக்கும் தூள்தான். இதைத் தொல்மரபாகக் கருதுவது பிழை. சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்த 1930களில், இந்தியத் தேயிலை வரிக் குழுவின் பரப்புரை வேறு முறையைக் கற்பித்தது: கெண்டியைச் சூடாக்கி, இலையிட்டு, கொதிநீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடிவைக்க வேண்டும்; பாலும் சர்க்கரையும் பிறகே. அந்தப் பாடம் தோற்றது. விலையே முதற்காரணம் என்பேன். அதே பத்தாண்டின் தொடக்கத்தில் அசாமில் உருவான சி.டி.சி. எந்திரம் இலையை நசுக்கிக் குருணையாக்கியது. விடுதலைக்குப் பின் அது பரவியபோது, கொஞ்சம் தூளிலேயே நிறமும் திடமும் மிகுதியாக இறங்கின. பாலில் கொதிக்கும் குருணைக்குக் கெண்டி எதற்கு? வடிகட்டி போதும்.

கண்ணாடிக் கெண்டிக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். ஜெர்மனியின் யேனா நகரத்து ஷாட் ஆலைக்காக வில்ஹெல்ம் வாகன்ஃபெல்ட் 1931இல் வடிவமைத்தது புகழ்பெற்றது. போரோசிலிகேட் கண்ணாடி சூட்டில் விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் மூன்றில் ஒரு பங்கே. கொதிநீரை அது தாங்குவது அதனால்தான். இன்று இலைத்தேநீருக்காகக் கெண்டி வாங்குவோர் முதலில் பார்க்கவேண்டியதும் அதுவே. அடுத்தது, உள்வடிகட்டியின் அகலம்: நீலகிரி முழு இலை விரிய இடம் வேண்டும். வீட்டிலிருக்கும் தூளை அதில் இட்டால் கண்கள் அடைத்துக்கொள்ளும்.