விலக்கலிலிருந்து பராமரிப்புக்கு: நியூயார்க் நகரப் பள்ளிகளில் தொற்றுநோய்த் தடுப்பும் செவிலியர் பணியும் (1897–1908)

ஆய்வுச் சுருக்கம்

தொற்றுநோயிலிருந்து பள்ளியைக் காப்பதும் நோயுற்ற குழந்தையின் கல்வியைக் காப்பதும் ஒன்றோடொன்று முரண்படக்கூடிய நோக்கங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் நகரம் இம்முரணை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச் சொற்கள்: பள்ளி நலவாழ்வு, தொற்றுநோய், விலக்கல், பள்ளிச் செவிலியர், லினா ரோஜர்ஸ்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டாயக் கல்விச் சட்டங்கள் அமெரிக்க நகரங்களின் வகுப்பறைகளை நிரப்பின. ஓர் அறைக்குள் பல குழந்தைகள் நாள்தோறும் கூடியதால், தொண்டை அடைப்பான், தட்டம்மை முதலிய நோய்கள் பரவுவதற்குப் பள்ளியே களமாயிற்று. 1894இல் பாஸ்டன் நகரம் 50 மருத்துவர்களை நியமித்துப் பள்ளிகளில் மருத்துவ ஆய்வைத் தொடங்கியது. 1897இல் நியூயார்க் நகரம் 150 மருத்துவ ஆய்வாளர்களை அமர்த்தியது. நாளொன்றுக்கு ஒரு மணிநேரமே பணியாற்றிய இம்மருத்துவர்களின் கடமை நோயுற்றவரைக் கண்டறிந்து வீட்டுக்கு அனுப்புவதாகும், சிகிச்சையளிப்பது அன்று.

விலக்கல் முறையும் அதன் குறைபாடும்

1902இல் நகர நலவாழ்வுத் துறை ஆய்வைக் கடுமையாக்கியது. டிரக்கோமா என்னும் கண்நோய், படர்தாமரை, சிரங்கு, தலைப்பேன் ஆகியவற்றுக்காகவும் குழந்தைகள் விலக்கப்பட்டனர். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் மட்டும் விலக்கப்பட்டோர் எண்ணிக்கை 10,567 ஆகும்.

விலக்கல் வகுப்பறையைக் காத்தது, நோயைக் குணப்படுத்தவில்லை. நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் இருண்ட அடுக்குக் குடியிருப்புகளில் வாழ்ந்த யூத, இத்தாலியக் குடியேறிகள் பலருக்கு, குழந்தையின் கையில் கொடுத்தனுப்பப்பட்ட சீட்டில் எழுதியிருந்த நோயின் பெயர் விளங்கவில்லை. மருத்துவரை நாடப் பொருள் வசதியும் இல்லை. விலக்கப்பட்ட குழந்தை மாலையில் தெருவில் அதே வகுப்புத் தோழர்களுடன் விளையாடியது. எனவே தொற்றும் தொடர்ந்தது, கல்வியும் தடைப்பட்டது. ஹென்றி தெருச் சேவை இல்லத்தை நிறுவிய செவிலியர் லில்லியன் வால்ட் 1915இல் வெளியிட்ட தம் நூலில், தலையில் இருந்த சருமநோய் காரணமாகப் பன்னிரண்டு வயதுவரை பள்ளியே காணாத ஒரு சிறுவனைக் குறிப்பிடுகிறார். களிம்பைத் தொடர்ந்து இட்டதே அவனுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தது.

லினா ரோஜர்ஸின் பணி

வால்டின் முன்மொழிவின்படி 1902 அக்டோபரில் ஒரு மாதச் சோதனை முயற்சி தொடங்கியது. டொராண்டோ குழந்தைகள் மருத்துவமனையில் பயின்ற லினா ரோஜர்ஸ் நான்கு பள்ளிகளின் பொறுப்பை ஏற்றார். அங்குப் பயின்றோர் ஏறத்தாழ 10,000 பேர். மருத்துவரின் அறிவுறுத்தலின்படி சிறு நோய்களுக்கு அவர் பள்ளியிலேயே மருந்திட்டார். குழந்தை உடனே வகுப்புக்குத் திரும்பியது. மாலையில் வீடுகளுக்குச் சென்று, கண்ணைக் கழுவும் முறையையும் பேன் ஒழிக்கும் முறையையும் தாய்மாருக்குச் செய்து காட்டினார். அம்மாதத்தில் அவர் அளித்த சிகிச்சைகள் 893. வீட்டுச் சந்திப்புகள் 137.

இதன் பயனைக் கண்ட நகராட்சி, பள்ளிச் செவிலியர்க்கென 30,000 டாலர் ஒதுக்கியது. மேலும் செவிலியர்கள் அமர்த்தப்பட்டனர். 1903 செப்டம்பரில் விலக்கப்பட்டோர் எண்ணிக்கை 1,101 ஆகக் குறைந்தது.

புள்ளிவிவரத்தின் வரம்பு

மேற்கண்ட இரு எண்களும் பள்ளி நலவாழ்வு வரலாறுகளில் வெற்றியின் சான்றாக மீண்டும் மீண்டும் காட்டப்படுகின்றன. ஆயினும் அவை அளப்பது விலக்கலையே அன்றி நோயை அன்று. முன்பு வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தை இப்போது மருந்திடப்பட்டு வகுப்பில் அமர்ந்தது. ஆகவே சரிவின் ஒரு பகுதி விதி மாற்றத்தால் விளைந்தது. நோய்ப்பரவல் அதே அளவுக்குக் குறைந்தது என்று இவ்வெண்களைக் கொண்டு மட்டும் நிறுவ இயலாது. குழந்தைகள் இழந்த கல்வி நாள்கள் மீட்கப்பட்டன என்பதே இவற்றிலிருந்து பெறத்தக்க உறுதியான முடிவு.

நம்பிக்கையும் அச்சமும்

பெற்றோரின் நம்பிக்கை எளிதில் கிட்டியதன்று. 1906 ஜூன் மாதத்தில், மூக்கின் பின்புறத்தில் வளரும் அடினாய்டு திசுவை அகற்றும் அறுவைச் சிகிச்சை கீழ்க்கிழக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் நடைபெற்றது. மருத்துவர்கள் குழந்தைகளின் கழுத்தை அறுக்கின்றனர் என்னும் வதந்தி பரவி, தாய்மார் பள்ளிகளை முற்றுகையிட்டனர். ரஷ்யப் பேரரசில் யூதர்மீது நிகழ்ந்த படுகொலைகளின் நினைவோடு வாழ்ந்த மக்களுக்கு அரசு அலுவலர் எவரும் ஐயத்துக்குரியவரே. சிகிச்சையின் நன்மை பெற்றோருக்கு விளங்காதவிடத்து, நன்மையும் வன்முறையாகத் தோன்றும் என்பதை இந்நிகழ்வு புலப்படுத்துகிறது. செவிலியரின் வீட்டுச் சந்திப்பு மருந்தளவுக்கு இன்றியமையாததாக விளங்கியதன் காரணமும் இதுவே.

முடிவுரை

1908இல் மருத்துவர் சாரா ஜோசபின் பேக்கர் தலைமையில் நியூயார்க் நகரம் குழந்தை நலவாழ்வுக்கெனத் தனிப் பணியகம் நிறுவியது. ரோஜர்ஸ் பின்னர் டொராண்டோவில் பள்ளிச் செவிலியர் பணியை வழிநடத்தினார். 1897இல் ‘நோயுற்ற குழந்தையிடமிருந்து பள்ளியை எவ்வாறு காப்பது?’ என்பதே நகரத்தின் வினாவாக இருந்தது. 1902க்குப் பின் ‘நோயுற்ற குழந்தையைப் பள்ளியில் எவ்வாறு வைத்துக் காப்பது?’ என்று அது மாறியது. கடுந்தொற்று நோய்களில் விலக்கல் தவிர்க்க முடியாததாகவே நீடித்தது. எனினும் விலக்கிய பின் அக்குழந்தைக்கு யார் பொறுப்பு என்னும் கேள்விக்கு, நகராட்சியே பொறுப்பு என்னும் விடை அக்காலத்தில்தான் உருப்பெற்றது.