சிகரெட் பெட்டிக்குள் ஒரு டேட்டாபேஸ்

போன மாதம் அக்கா மகள் போன் பண்ணினாள். பி.ஏ. வரலாறு, மூன்றாம் ஆண்டு. ஊர் வாரச் சந்தையைப் பற்றி ப்ராஜெக்ட் எழுத வேண்டுமாம். "மாமா, எக்ஸெல் மட்டும் கத்துக் குடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள். இதுவரை சேர்த்ததை அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தது: புத்தகப் பக்கங்களின் போட்டோக்கள், பெரியவர்களிடம் பேசிய ஆடியோ, எங்கிருந்தோ காப்பி பேஸ்ட் செய்த பத்துப் பக்கம். எது எந்தப் புத்தகம், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று எதிலும் இல்லை.

திட்ட வாய் வரவில்லை. நானே செய்த தப்புதான் இது. 2003-ல் எங்கள் ஊர் ஏரி மதகுக் கல்வெட்டைப் பற்றி ஒரு நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த ஒரு தமிழ் ஃபாண்டில் டைப் செய்து வைத்தேன். பத்து வருஷம் கழித்துத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பை. யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டேன், அரை மணி நேரத்தில் தமிழ் திரும்பி வந்தது. ஆனால் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்பதை நான் எழுதவே இல்லை. எழுத்தை மீட்க மென்பொருள் இருக்கிறது. எழுதாத பக்க எண்ணை மீட்க எந்த மென்பொருளும் கிடையாது. மூன்று தடவை அந்த நூலகத்துக்குப் போயும் அந்த வரி அகப்படவில்லை. கட்டுரை இன்றுவரை பாதியில் நிற்கிறது.

அதனால் எக்ஸெலுக்கு முன்னால் அவளுக்கு ஒரு கதை சொன்னேன். ஆலிஸ் கோபரின் கதை.

1900-ல் கிரீட் தீவின் க்னோசஸில் ஆர்தர் எவன்ஸ் தோண்டியபோது எழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் கிடைத்தன. லீனியர் பி என்று அந்த எழுத்துக்குப் பெயர் வைத்தார்கள். என்ன மொழி என்று தெரியாது, எழுத்தின் ஒலியும் தெரியாது. ஆளாளுக்கு ஒரு மொழியை ஊகித்துப் 'படித்து'க் கொண்டிருந்தார்கள். நியூயார்க்கின் புரூக்ளின் கல்லூரியில் ஆசிரியராக இருந்த கோபர் ஊகிக்க மறுத்தார். முதலில் எண்ணுவோம் என்றார்.

எந்த எழுத்து எந்த எழுத்துக்குப் பக்கத்தில் வருகிறது, சொல்லின் முதலிலா நடுவிலா கடைசியிலா என்று ஒவ்வொன்றையும் துண்டுச் சீட்டில் எழுதினார். இரண்டாம் உலகப் போர்க் காலம், காகிதப் பஞ்சம். வாழ்த்து அட்டை, தேர்வு நோட்டின் அட்டை, சர்ச் சுற்றறிக்கை, நூலகச் சீட்டு எல்லாவற்றையும் வெட்டிச் சீட்டாக்கினார். அவற்றை அடுக்கி வைத்தது சிகரெட் பெட்டிகளில். மொத்தம் சுமார் 1,80,000 சீட்டுகள். குறிப்பிட்ட இடங்களில் துளை போட்டிருந்தார். சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எந்தத் துளைகள் ஒத்துப்போகின்றன என்பது தெரிந்துவிடும். நாங்கள் இன்றைக்கு கம்ப்யூட்டரில் 'குவெரி' போடுகிறோமே, அதேதான். கரண்ட் மட்டும் தேவையில்லை.

இதனால் என்ன கிடைத்தது? பந்து, பந்தை, பந்தில் என்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். து, தை, தி மூன்றிலும் மெய் ஒன்றே, உயிர்தான் மாறுகிறது. தமிழில் அது பார்த்தாலே தெரியும். லீனியர் பி-யில் இவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வடிவங்கள். ஒரே சொல் மூன்று விதமாக முடியும் இடங்களைச் சீட்டுகளிலிருந்து பொறுக்கி, 'இந்த எழுத்துகளுக்கு மெய் ஒன்று' என்று ஒலி தெரியாமலேயே காட்டினார் கோபர். 1950-ல், 43 வயதில் இறந்துபோனார். இரண்டே வருஷத்தில், 1952-ல், மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் அந்த எழுத்தைப் படித்துவிட்டார். மொழி, பழைய கிரேக்கம். கோபர் காட்டிய வழி அவருக்குப் பெரிய ஏணியாக இருந்தது.

இதே வேலை கம்ப்யூட்டருக்கு வந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவர் உதாரணம். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த ஐராவதம் மகாதேவன். சிந்துவெளி எழுத்துகளைத் தொகுத்து, பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினி உதவியோடு 1977-ல் தொல்லியல் துறை வழியாக ஒரு நூல் வெளியிட்டார். 417 குறியீடுகள், 2,906 வாசகங்கள், 3,573 வரிகள். எந்தக் குறியை எடுத்தாலும் அது வரும் வரிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். சிந்துவெளி மொழி திராவிடம் என்பது அவர் கருத்து. அதை வேறு கட்டுரைகளில் வாதாடினார், தொகுப்பில் கலக்கவில்லை. அதனால்தான் அந்தக் கருத்தை ஏற்காதவர்களும் அந்தத் தொகுப்பைப் பயன்படுத்துகிறார்கள். எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை, தொகுப்பு மட்டும் பழசாகவில்லை.

இந்த இரண்டு பேரிடமிருந்தும் மாணவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ரொம்பச் சின்ன விஷயம்தான். ஒரு சீட்டில் ஒரு தகவல். எக்ஸெலில் என்றால், ஒரு வரிசையில் ஒரு தகவல். அக்கா மகளுக்கு ஐந்து பத்தி போட்டுக் கொடுத்தேன்:

1. தகவல்.
2. எங்கிருந்து: நூல், ஆசிரியர், ஆண்டு, பக்கம். ஆள் சொன்னது என்றால் யார், எந்தத் தேதி.
3. இது அவர்கள் வார்த்தையா, என் வார்த்தையா.
4. எதைப் பற்றியது: வரி, கிழமை, மாடு, காய்கறி என்று ஒரு சொல்.
5. எனக்கு வரும் சந்தேகம்.

மூன்றாவது பத்தியை லேசாக நினைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து எது காப்பி, எது நம்முடையது என்று நமக்கே தெரியாது. திருட்டு என்று பெயர் வாங்குகிற மாணவர்களில் பல பேர் திருட நினைத்தவர்கள் அல்ல, குறிக்க மறந்தவர்கள்.

மிச்சமெல்லாம் கைப்பழக்கம். தமிழை யூனிகோடில் மட்டும் டைப் செய்யுங்கள், அப்போதுதான் தேட முடியும். கோப்பின் பெயரை 2024-03-15 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் தொடங்கினால் தானாக அடுங்கி நிற்கும். மூல போட்டோவையும் ஆடியோவையும் தொடாதீர்கள், நகலில் வேலை செய்யுங்கள். இன்னொரு நகல் வேறொரு இடத்தில் இருக்கட்டும். புத்தகத்தைப் போட்டோ எடுக்கும்போது முதலில் தலைப்புப் பக்கத்தை எடுங்கள். இது ஒன்றை 2003-ல் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் மதகுக் கட்டுரை முடிந்திருக்கும்.

முந்தாநாள் அவளிடமிருந்து மறுபடி போன். பத்துப் பக்கம் 41 வரிசை ஆகியிருக்கிறது. மூலம் தெரியாத ஒன்பதைத் தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறாள். 'கிழமை' என்று வடிகட்டிப் பார்த்தபோது ஒரு சிக்கல். "மாமா, ஒரு தாத்தா சந்தை முன்னாடி செவ்வாய்க்கிழமைங்கறார், இன்னொருத்தர் வெள்ளிங்கறார். போன தடவை எழுதினப்ப இதை நான் கவனிக்கவே இல்ல. யாரை நம்பறது?"

எனக்கும் தெரியாது என்றேன். இரண்டு பேரிடமும் இன்னொரு தடவை போய், எந்த வயதில் பார்த்த சந்தை என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகிறாளாம். எக்ஸெல் ஃபார்முலா பற்றி இன்னும் அவள் கேட்கவில்லை.